துட்டி வீட்டு வாசலில் தார் லாரி

நல்லக்கண்ணு: ஆரனை நிறுத்துலே! கண்ணு அவிஞ்சா போச்சு? ரோட்டை மறிச்சுப் பந்தல் போட்டிருக்கு, பொம்பளைக ஒக்காந்து அழுதுக்கிட்டு இருக்காவ... நீ பாட்டுக்கு லாரியக் கொண்டாந்து முட்டுதே!

பேச்சிராஜ்: அடிக்கல அண்ணாச்சி... கை பட்டுட்டு. இந்தா, எறங்கிட்டேன்.

நல்லக்கண்ணு: யாரு... காண்ட்ராக்டர் பேச்சிராஜா?

பேச்சிராஜ்: நாந்தான் அண்ணாச்சி.

நல்லக்கண்ணு: ஏலே, எந்தம்பி இசக்கி உள்ள ஐஸ் பொட்டியில கெடக்கான். நேத்து இந்நேரம் ஆட்டோ ஓட்டிக்கிட்டு இருந்தவன். ஊரே துட்டிக்கு வந்து நிக்கி. நீ தாரு லோடைக் கொண்டுட்டு வந்திருக்கே?

பேச்சிராஜ்: தெரியும் அண்ணாச்சி... மாலை கூட வாங்கியாந்தேன். முன் சீட்டுல இருக்கு.

நல்லக்கண்ணு: அப்ப மாலையப் போட்டுட்டு லாரியத் திருப்பு.

பேச்சிராஜ்: திருப்ப முடியாதே... கலவை வெந்து வந்திருக்கு. சூடு ஆறிட்டுன்னா கல்லாப் போயிரும். அப்பறம் கடப்பாரையப் போட்டுத்தான் லாரியிலேருந்து பேக்கணும்.

நல்லக்கண்ணு: பேத்து எடு. எனக்கென்ன?

பேச்சிராஜ்: இந்தப் பந்தலை மட்டும் கொஞ்சம் ஓரமா... நாலு நாக்காலிய நகட்டுனா போதும் அண்ணாச்சி, லாரி தாண்டிரும். பின்னால ரோலரும் ஆளுகளும் வாராவ. இங்கேருந்து குளத்துக்கரை தாண்டி சுடுகாடு வரைக்கும் பள்ளத்தை அடைக்கணும். அரசாங்க வேலை. இன்னைக்கே முடிக்கணும்னு உத்தரவு.

நல்லக்கண்ணு: மூணு வருசமா வராத உத்தரவு, எந்தம்பி செத்த மறுநா வந்துட்டோ?

பேச்சிராஜ்: கலவை ஆறிரும் அண்ணாச்சி... மொதல்ல நாக்காலிய நகட்டுங்க.

நல்லக்கண்ணு: கேட்டதுக்குப் பதில் சொல்லுலே!

உமாராணி: பெரியப்பா... என்ன சத்தம்? அம்மா இப்பத்தான் கொஞ்சம் கண்ணசந்தா.

நல்லக்கண்ணு: நீ உள்ள போ உமா. இந்தா நிக்கான்லா, ரோட்டு காண்ட்ராக்டர்... உங்கப்பன் பொழுதுக்கும் இவங்கூடத்தான் மல்லுக்கு நிப்பான். நேத்து காலையில கூட டீக்கடையில வச்சு ரெண்டு பேரும் கத்திருக்கானுவ. அவன் போனதும் ரோடு போட வந்துட்டாரு துரை.

உமாராணி: நீங்கதான் பேச்சிராஜ் அண்ணாச்சியா?

பேச்சிராஜ்: ஆமாம்மா. நீ... இசக்கி அண்ணன் மக உமாராணியா? வாசுதேவநல்லூர்ல வேலை பாக்கது நீதான?

உமாராணி: ம்... உங்களைப் பத்தி அப்பா நெறையச் சொல்லுவாவ.

பேச்சிராஜ்: நல்லதா ஒண்ணும் இருக்காது.

உமாராணி: இல்ல. பட்டப்பேரே வச்சிருந்தாவ. கட்டுப்பல்லு பேச்சிராஜ்னு.

பேச்சிராஜ்: கட்டுப்பல்லா?

உமாராணி: "அவன் ரோட்டுல ஒட்டுப் போட்டா கட்டுப்பல்லு மாதிரி. தும்முனா கழண்டு விழுந்துரும்"பாவ.

பேச்சிராஜ்: அட... எம்மொகத்துக்கு நேரே இதைச் சொன்னதில்லையே. மத்த எல்லாத்தையும் சொல்லுவாரு.

நல்லக்கண்ணு: சிரிக்க எடமாலே இது?

பேச்சிராஜ்: சிரிக்கல அண்ணாச்சி...

உமாராணி: விடுங்க பெரியப்பா. நேத்துலேருந்து இந்த வீட்டுல ஒருத்தரும் அப்பாவை நெனச்சுச் சிரிக்கல. அவுக அப்படியா இருந்தாவ?... லாரியில என்ன அண்ணாச்சி, ஹாட் மிக்ஸா?

பேச்சிராஜ்: ஆமா. காலையில பிளான்ட்டுல ஏத்துனது. தார்ப்பாய் போட்டு மூடித்தான் கொண்டாந்தேன், இன்னும் ஆவி பறக்கு பாரு. இனி ரெண்டு மணி நேரம் தாங்கும்... சாரல் பிடிச்சுட்டா அதுவும் கெடையாது. அந்தா, குத்தாலத்து மலை இருட்டிக்கிட்டு வருது.

உமாராணி: பையில வருமே... சூடு பண்ணாமப் போடுறது. அதைக் கொண்டாந்திருக்கலாம்லா? மழையிலயும் போடலாம்னு சொல்லுதாவ.

பேச்சிராஜ்: உனக்கு எப்படிம்மா அதெல்லாம்... போடலாம். ஆனா வெலை ஆகாசத்துல நிக்கி. ஒண்ணு ரெண்டு பள்ளத்துக்குன்னா சரி. இங்கன கெடக்கது பள்ளமா? குளம்லா! இவ்வளவுக்கும் பையில வாங்குனா லட்சத்தைத் தாண்டிரும். இதுன்னா கலவை, தாரு, ரோலர் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேத்து அம்பதுக்குள்ள முடிச்சிரலாம்.

நல்லக்கண்ணு: அரசாங்கத் துட்டுதான... அம்பதானா என்ன, லட்சமானா என்ன? உனக்கு எங்க வலிக்கி?

பேச்சிராஜ்: ஆமா... அரசாங்கத் துட்டுதான்.

உமாராணி: மேற்பார்வைக்கு யாரு வாராவ? இஞ்சினியர் வரலியா?

பேச்சிராஜ்: வருவாரு... மத்தியானமா வருவாரு.

உமாராணி: ம்.

நல்லக்கண்ணு: எவனும் வர வேண்டாம். எங்க அபி காஷ்மீர்லேருந்து கெளம்பி மதுரையில எறங்கிட்டான். மிலிட்டரிக்காரன்... லீவு கேட்டு, பிளேன் பிடிச்சு, இப்பக் கார்ல வந்துக்கிட்டு இருக்கான். அவன் வந்து அப்பன் மொகம் பாக்க வரைக்கும் இந்தப் பந்தல்ல ஒரு கம்பு அசையக் கூடாது.

பேச்சிராஜ்: அபி வரதுக்குள்ள முடிச்சிருதேன் அண்ணாச்சி.

நல்லக்கண்ணு: முடிக்க வேண்டாம்னுதான சொல்லுதேன்! உன் கை பட்ட ரோட்டுல எந்தம்பி போவ வேண்டாம். செங்கல் ஒடசலையும் மண்ணையும் ஆட்டோவுல அள்ளிட்டு வந்து அவனே கொட்டுவான் பள்ளத்துல. தெரியுமா உனக்கு? சவாரிக்குப் போற வண்டி... பின் சீட்டு பூரா செம்மண்ணு.

பேச்சிராஜ்: தெரியும். நானே ஏசியிருக்கேன்.

நல்லக்கண்ணு: ஏசுனியா?

பேச்சிராஜ்: மண்ணைக் கொட்டுனா ஒரு மழைக்குச் சகதியாயிரும் அண்ணாச்சி. அடியில தண்ணி நின்னு பள்ளம் பெருசாத்தான் ஆவும். ஓரத்தைச் சதுரமா வெட்டணும், ஈரத்தைத் தொடைக்கணும், தாரைத் தெளிக்கணும், அப்பறம்தான் கலவை. இதைச் சொன்னா, "அதைச் செய்ய உனக்குல்லாலே துட்டு குடுக்காவ, எனக்கா குடுக்காவ"ம்பாரு.

உமாராணி: அப்பா பேச்சேதான்.

நல்லக்கண்ணு: அவன் கேட்டதுல என்ன தப்பு?

பேச்சிராஜ்: ஒரு தப்பும் இல்ல.

நல்லக்கண்ணு: பெறவென்ன? கெளம்பு.

உமாராணி: பெரியப்பா... அரசாங்க வேலைன்னு சொல்லுதாவல்லா. மறிச்சோம்னா, ஊர்க்காரங்க விடலைன்னு எழுதிட்டுப் போயிருவாவ. அப்பறம் பத்து வருசத்துக்கு ஒருத்தன் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்.

நல்லக்கண்ணு: நீயுமா உமா? உங்கப்பன் உள்ள கெடக்கான்...

உமாராணி: அதனாலதான் சொல்லுதேன். நேத்து தென்காசி ஆஸ்பத்திரியிலேருந்து அப்பாகூட வண்டியில நீங்கதான வந்திய?

நல்லக்கண்ணு: அதை எதுக்கு இப்பக் கேக்கே?

உமாராணி: கேக்கேன்.

நல்லக்கண்ணு: நாந்தான் வந்தேன்... மெயின் ரோட்டுல ஒண்ணும் தெரியல. வெலக்குல நம்ம ஊர் ரோட்டுக்குத் திரும்புனதும் பள்ளத்துல ஒரு எறக்கம் எறங்குச்சு பாரு... இவன் தலை போய்க் கம்பியில முட்டிட்டு. எனக்குப் பதறிட்டு. அவனுக்கு வலிக்குமேன்னு... "மெதுவாப் போலே, தலையில அடிபடுது"ன்னு டிரைவரைச் சத்தம் போடுதேன். அவன் என்னையத் திரும்பிப் பாத்துட்டு வண்டிய மெதுவாக்குனான். பெறவு தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். வீடு வந்து சேருற வரைக்கும் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே... சின்னப் புள்ளையில நான் தூக்கிச் சொமந்த பய உமா அவன்...

பேச்சிராஜ்: அண்ணாச்சி...

நல்லக்கண்ணு: நீ பேசாத.

உமாராணி: இனி சுடுகாடு வரைக்கும் தோள்ல வச்சுத் தூக்கணும் பெரியப்பா. தூக்குறவங்க காலு பள்ளத்துல மாட்டுனா...

நல்லக்கண்ணு: எத்தன நேரம்லே ஆவும்?

பேச்சிராஜ்: ரெண்டு மணி நேரம். ஆளு நெறைய இருந்தா அதுக்கும் கொறச்சல்.

நல்லக்கண்ணு: ஆளா? துட்டி வீட்டுல ஆளுக்கா பஞ்சம்? ஏலே பயலுகளா... நாக்காலியப் பூரா ஓரமாத் தூக்குங்கலே! அந்த முன் கம்பை அவுரு... பாத்துலே, தலையில விழுந்துராம! ஏட்டி, பொம்பளைகள்லாம் எந்திரிச்சு முத்தத்துல போய் இருங்கட்டி. அங்கன ஒக்காந்து அழலாம்.

பேச்சிராஜ்: கும்புடுதேன் அண்ணாச்சி.

நல்லக்கண்ணு: கும்புடு ஒண்ணும் வேண்டாம். மொதல்ல உள்ள போய் மாலையப் போட்டு, அவன் மொகத்தைப் பாத்துட்டு வா.

பேச்சிராஜ்: வேலைய முடிச்சுட்டுப் போடுதேனே... கையெல்லாம் தாரா இருக்கு.

நல்லக்கண்ணு: லோடையே இன்னும் எறக்கல. அதுக்குள்ள கையில ஏதுலே தாரு?

பேச்சிராஜ்: முடிச்சுட்டுப் போறேன் அண்ணாச்சி... தயவு பண்ணுங்க.

உமாராணி: விடுங்க பெரியப்பா. சூடு ஆறிரும்லா.

பேச்சிராஜ்: ஓரத்தை நல்லா வெட்டுங்கப்பா... லொட லொடன்னு இருக்கதை எல்லாம் எடுத்துருங்க. தண்ணியச் சட்டியில மோந்து வெளிய ஊத்து. சாக்கைக் கொண்டா, அடி காயணும்.

நல்லக்கண்ணு: நான் மோக்கேன், சட்டியக் குடு.

பேச்சிராஜ்: நீங்க எதுக்கு அண்ணாச்சி? வேட்டி பாழாயிரும்.

நல்லக்கண்ணு: துட்டிக்குக் கெட்டுன வேட்டி. இதுல என்ன பாழு? குடு இங்க.

பேச்சிராஜ்: தாரைத் தெளி... கொஞ்சமா! கொளம் கெட்ட வேண்டாம். ம், இப்பக் கலவையப் போடு.

நல்லக்கண்ணு: என்னலே, ரோட்டை விட ஒசரமா நிக்கி? வண்டி தட்டாதா?

பேச்சிராஜ்: ஒரு வெரக்கடை ஒசரமா வைக்கணும். ரோலர் ஏறுனா அமுங்கி மட்டமாயிரும். இப்பவே மட்டமா வச்சா, பெறவு குழிஞ்சு தண்ணி நிக்கும்.

நல்லக்கண்ணு: போன தடவை இப்படிச் செஞ்சியா?

பேச்சிராஜ்: செஞ்சேன் அண்ணாச்சி. அந்த வருசம் ஜல்லி லாரி பூரா இந்த ரோட்டுல போச்சு... கல்லு லோடுக்கு இந்த ரோடு தாங்காது. அதை இசக்கி அண்ணங்கிட்ட சொன்னா கேப்பாரா? "லாரி போனா நீ எதுக்கு இருக்கே, குறுக்க படு"ம்பாரு.

நல்லக்கண்ணு: ஹூம்... சொல்லுவான். அதுக்கும் மேலயும் சொல்லுவான். வாயி அவனுக்கு...

பேச்சிராஜ்: அய்யோ, சாரல் விழுதே! மூடு, மூடு... லாரியில தார்ப்பாய இழுத்து விடுங்கப்பா!

நல்லக்கண்ணு: லாரிய மூடிட்டா? வெட்டி வச்ச பள்ளத்துல தண்ணி எறங்கிருமே?

பேச்சிராஜ்: எறங்கிரும். ஈரத்துல தாரு பிடிக்காது. சாரல் விட்டாத்தான் போடணும்... அதுக்குள்ள லோடு ஆறிரும். போச்சு அண்ணாச்சி. முக்கால்வாசி கெடக்கு இன்னும்.

நல்லக்கண்ணு: ஏலே... பந்தல் படுதாவை அவுருங்கலே!

பேச்சிராஜ்: என்ன அண்ணாச்சி?

நல்லக்கண்ணு: பந்தல் படுதா! துட்டி கேக்க வந்தவன் நனைஞ்சா ஒண்ணும் செத்துற மாட்டான். நாலு மூலைக்கு நாலு பேரு பிடிங்க. பள்ளத்துக்கு மேல பிடிச்சுக்கிட்டே நடங்க. ஒசத்திப் பிடிலே, கலவைச் சூட்டுல படுதா ஓட்டையாயிரும்! பேச்சிராஜ், நீ அடியில நின்னு போடு.

பேச்சிராஜ்: அண்ணாச்சி...

நல்லக்கண்ணு: வாயப் பாக்காத, போடு! அடுத்த பள்ளத்துக்கு நகருங்கலே... மெதுவா, சாமி சப்பரத்துக்குக் கொடை பிடிக்க மாதிரி. ஆங்.

பேச்சிராஜ்: இப்படி வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல.

நல்லக்கண்ணு: எந்தம்பி பாத்திருந்தான்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பான்... நெஞ்சுவலின்னு ஒரு நாளு சொன்னதில்லலே. நேத்து மத்தியானம் குளத்துக்கரையில ஆளை எறக்கிவிட்டுட்டு நின்னிருக்கான். அங்கனயே வந்திருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் அவன் ஆட்டோவுலயே அவனைப் போட்டுத் தென்காசிக்குக் கொண்டுபோயிருக்கான்.

பேச்சிராஜ்: கலவைய இந்தப் பக்கம் தள்ளுங்கப்பா...

நல்லக்கண்ணு: பேரு கூடச் சொல்லல. சாவிய நர்ஸம்மா கையில குடுத்துட்டுப் போயிட்டானாம். நம்ம வாசலைத் தாண்டித்தான் போயிருக்கான். உமா அம்மைக்கு ஆரன் சத்தம் கேட்டிருக்கு. "சவாரி போறாவ போல, சாப்புட வர நேரமாவும்"னு சோத்தை மூடி வச்சிருக்கா பாவி. நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளாவது கூடப் போயிருப்பா... யாருன்னு தெரிஞ்சா காலைத் தொட்டுக் கும்புடுவேன். ஏன்லே நிறுத்தலன்னு சட்டையப் பிடிச்சும் கேப்பேன்.

பேச்சிராஜ்: ...நிறுத்துனா நேரம் போயிரும்னு நெனச்சிருப்பான் அண்ணாச்சி.

நல்லக்கண்ணு: நெனச்சிருப்பான்... ஏ, போன் அடிக்கி. அபி! எங்கனலே வாரே? புளியங்குடி தாண்டிட்டியா? வா, வா... பதறாம வா. ரோடெல்லாம் சரி பண்ணிக்கிட்டு இருக்கோம்... ஆமாலே, ரோடுதான். வா, நேர்ல சொல்லுதேன்.

பேச்சிராஜ்: வந்துட்டானா?

நல்லக்கண்ணு: ஒரு மணி நேரத்துல வந்துருவான். சாரலும் விட்டுட்டு. நான் போய் வீட்டுல ஆக வேண்டியதைப் பாக்கேன். இன்னும் எத்தன கெடக்கு?

பேச்சிராஜ்: அந்தப் பக்கம் சுடுகாடு வரைக்கும் ஆளுக முடிச்சுட்டாவ. இந்தப் பாலத்துக்கிட்ட ஒண்ணுதான். கடைசியாப் போடலாம்னு விட்டு வச்சிருந்தேன்.

நல்லக்கண்ணு: முடிச்சுட்டு வா. மாலை வாடிப் போவுது.

உமாராணி: அண்ணாச்சி, கடுங்காப்பி. ஆளுகளுக்குக் குடுத்துட்டேன், இது உங்களுக்கு.

பேச்சிராஜ்: அங்கன வையிம்மா. நீ எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே?

உமாராணி: பெரியப்பாதான் குடுத்துட்டு வரச் சொன்னாவ. அவுக வாயால "பேச்சிராஜுக்குக் காப்பி"ன்னு சொன்னதே பெருசு... ஆளுக எல்லாம் சும்மா நிக்காவ. நீங்களே கட்டையத் தூக்கிக் குத்துதிய?

பேச்சிராஜ்: பாலத்து ஓரம்... ரோலர் ஏறாது.

உமாராணி: ஆளுக குத்தலாம்லா?

பேச்சிராஜ்: இது ஒண்ணுதான... நான் குத்திருதேன்.

உமாராணி: ஒண்ணு கேக்கட்டா? பெரியப்பா இல்ல, ஆளுகளும் தள்ளி நிக்காவ. இந்த ரோட்டுக்கு உத்தரவு எப்ப வந்துது?

பேச்சிராஜ்: அது... நேத்து சாயங்காலம்.

உமாராணி: யாரு குடுத்தா?

பேச்சிராஜ்: ஆபீசுலதான்மா... வேற யாரு குடுப்பா?

உமாராணி: அந்த ஆபீசுலதான் நான் இப்ப இருக்கேன். வாசுதேவநல்லூர்லேருந்து மாத்தலாகி வந்து ரெண்டு வாரம் ஆவுது. இந்த ரோட்டு வேலை என் பிரிவுலதான் வருது. மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கு. டெண்டரே இன்னும் விடல. உத்தரவு வர தீவாளி ஆவும்... காப்பியக் குடிங்க.

பேச்சிராஜ்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் அண்ணாச்சிகிட்ட அரசாங்க வேலைன்னு சொன்னியா?

உமாராணி: உங்க கைத் துட்டுன்னு சொல்லியிருந்தா லாரிய விட்டிருப்பாவளா? பந்தல் கம்பைப் பிடுங்கிக்கிட்டுல்லா அடிக்க வந்திருப்பாவ. நீங்க சொன்னதையே நானும் சொன்னேன்... இனி யாருக்கும் தெரிய வேண்டாம். எங்கம்மாகிட்ட கூடச் சொல்ல மாட்டேன்.

பேச்சிராஜ்: சொல்லாத.

உமாராணி: ஆனா எனக்கு நீங்க சொல்லணும். நாளும் பொழுதும் உங்களை ஏசுன மனுசன் எங்கப்பா. அவுக போற வழிக்கு இவ்வளவு செலவு பண்ணி... உள்ள வந்து அவுக மொகத்தைப் பாக்கவும் பயப்படுதிய. அப்பாவை அண்ணன்னுதான சொல்லுதிய... சித்தப்பான்னு கேக்கேன், என்ன நடந்துது?

பேச்சிராஜ்: கேக்காதம்மா.

உமாராணி: கேப்பேன்.

பேச்சிராஜ்: ...நேத்து அந்த ஆட்டோவை ஓட்டுனது நாந்தாம்மா. குளத்துக்கரை வழியா வந்தேன்... வண்டிக்குள்ள நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சரிஞ்சு கெடந்தாரு. ஆம்புலன்சு வரட்டும்னு நிக்க மனசு வரல. பின் சீட்டுல படுக்க வச்சுட்டு நானே எடுத்துட்டேன். அவரு கண்ணைத் தொறக்கல... ஆனா வழி சொல்லிக்கிட்டே வந்தாரு. "இடது பக்கம் ஒடிலே... இப்ப வலது... மெதுவா, வேப்ப மரத்துக்கிட்ட ஒண்ணு கெடக்கு..." படுத்துக்கிட்டே, கண்ணை மூடிக்கிட்டே, ஒவ்வொரு பள்ளமாச் சொன்னாரும்மா. ஒண்ணுல கூட நான் எறக்கல. இந்தப் பாலம் வந்துது... சொல்லுவாரு, சொல்லுவாருன்னு காதைக் குடுத்துக்கிட்டே ஓட்டுதேன்... சொல்லல. நான் இந்தப் பள்ளத்துல எறக்கிட்டேன். அதுக்குப் பெறவு ஒரு பள்ளமும் அவரு சொல்லல.